ஆறாவது டேக்கில் வராத அழுகை

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. ஏழு வருடம் மேடை நாடகத்தில் இருந்தேன், இப்போது சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு படத்தில், விபத்தில் இறந்துபோன மகனின் பொருட்களை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் அம்மாவாக நடித்தேன். "உங்க அப்பா போன நாளை நினைச்சுக்கோங்க" என்றார் இயக்குநர். அப்பா இறந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. நினைத்தேன். முதல் டேக்கில் அப்படியே உடைந்து அழுதேன், செட்டே கைதட்டியது. ஆறாவது டேக்கில் ஒரு சொட்டு வரவில்லை. கிளிசரின் போட்டுத்தான் முடித்தோம். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அப்பாவை நினைத்தாலே கேமராவும் லைட்டும்தான் முன்னால் வருகின்றன. "நீ எப்ப நிஜமா அழறே, எப்ப நடிக்கறேன்னே தெரியல" என்கிறார் கணவர். இப்போது ஒரு நெடுந்தொடரில் வில்லி வேடம் வந்திருக்கிறது, மாதம் இருபது நாள் வேலை. அதே நேரம், அந்த அழுகைக் காட்சியைக் கேள்விப்பட்ட வேறொரு இயக்குநர் தன் படத்தில் முக்கிய வேடம் தருகிறார். கணவனை இழந்த பெண். சம்பளம் மிகக் குறைவு. வீட்டில் கடன் இருக்கிறது, நாலு வயதில் குழந்தை இருக்கிறது. எதை எடுப்பது? வெளியாகப்போகும் படத்துக்கான பேட்டிகளில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். பேசலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நிறையக் கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. அந்த இயக்குநர் கேட்டது உங்கள் அப்பாவை. பேட்டிக்காரர்கள் கேட்கப்போவதும் அவரைத்தான். உங்களுக்கு விதவை வேடம் தரும் புது இயக்குநருக்கும் அது தெரியாமலே தேவைப்படுவது அந்த முதல் டேக், அதாவது உங்கள் அப்பா. இதில் யாருக்கு எவ்வளவு தரலாம் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் தூக்கம். நாலு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால் அது நடிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆற வேண்டிய துக்கத்தைக் கிளறிவிட்டிருக்கிறீர்கள். ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ போய்ப் பாருங்கள். "நான் நடிகை, வேலையில் இப்படி ஆனது" என்று முழுதாகச் சொல்லுங்கள். தொண்டை கட்டினால் டாக்டரிடம் போகிறோம், முழங்கால் பிசகினால் போகிறோம். இதுவும் நம் தொழிலில் படும் காயம்தான்.

சரி, ஆறாவது டேக்குக்கு வருகிறேன். அன்று நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். இல்லை. உங்கள் மனம் உங்களைக் காப்பாற்றியது. ஒரு நினைவைத் தொட்டு அழுதவுடன் அந்த நினைவின் கூர் கொஞ்சம் மழுங்குகிறது. அழுகையின் வேலையே அதுதான், நம்மை லேசாக்குவது. அடுத்த டேக்கில் அதே இடத்தைத் தொட்டால் பாதிதான் வலிக்கும். மூன்றாவது டேக்கில் "வருகிறதா, வருகிறதா" என்று உங்களையே கவனிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தக் கணத்தில் மகனும் இல்லை, அப்பாவும் இல்லை, உங்கள் கண்ணீர்ப்பை மட்டும்தான் இருக்கிறது. வராததில் என்ன ஆச்சரியம்?

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. கிரேக்க நாட்டில் இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன்னால் போலஸ் என்று பெரிய நடிகர் ஒருவர் இருந்தார். எலக்ட்ரா என்ற பெண் தன் தம்பியின் அஸ்திக் கலசத்தை ஏந்தி அழும் காட்சி அவருக்கு. அதற்கு, இறந்துபோன தன் சொந்த மகனின் அஸ்தியைக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து மேடையில் ஏந்தினார் என்று ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதி வைத்திருக்கிறார். அரங்கம் முழுக்க நிஜமான துக்கம் நிறைந்ததாம். இதை அர்ப்பணிப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு மட்டும் எப்போது கேட்டாலும் அந்தக் குழந்தையின் கலசம்தான் மனதில் நிற்கும். கெல்லியஸ் சொல்வது ஒரு நாள் கதை. உங்களுக்கோ மாஸ்டர் ஷாட், மிட் ஷாட், குளோசப், எதிரே நடிப்பவருக்காக உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சஜஷன் ஷாட், நடுவில் ஃபோகஸ் தவறியதற்கு ஒன்று. ஒரே பகலில் ஆறு முறை கலசத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் காலத்தில் இந்த முறைக்கு 'உணர்ச்சி நினைவு' என்று பெயர். ரஷ்யாவில் நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தொடங்கிவைத்தது. அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதையே தன் பயிற்சியின் மையமாக்கினார். ஆனால் ஸ்டெல்லா அட்லர் என்ற நடிகை இந்த முறையால் நடிப்பின் சந்தோஷத்தையே இழந்து, 1934-இல் பாரிஸ் போய் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்தார். சில வாரங்கள் அவரோடு வேலை செய்தார். திரும்பி வந்து தன் நாடகக் குழுவினரிடம் அட்லர் சொன்னதன் சாரம் இது: பாத்திரத்தின் சூழ்நிலையிலிருந்தும் அது செய்யும் செயலிலிருந்தும்தான் தொடங்க வேண்டும், சொந்தக் காயத்திலிருந்து இல்லை. ஸ்ட்ராஸ்பெர்க் அதை ஏற்கவில்லை. இருவரும் கடைசிவரை எதிரெதிர்தான். ஆனால் அந்த ஸ்ட்ராஸ்பெர்கே தன் மாணவர்களுக்கு ஒரு எல்லை வைத்திருந்தார்: ஏழு வருடமாவது ஆன நினைவைத்தான் தொட வேண்டும். உங்கள் அப்பா போய் ஒன்றரை வருடம். அந்த முறையை நம்புகிறவர்கள்கூட அன்று உங்களைத் தடுத்திருப்பார்கள்.

இன்னொரு கதையும் நடிப்பு சொல்லிக்கொடுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. மைக்கேல் செகாவ் என்று ஒரு நடிகர், எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அண்ணன் மகன். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பயிற்சி வகுப்பில் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை நடித்துக்காட்டச் சொன்னார்கள். தன் அப்பாவின் இறுதிச் சடங்கை நடித்தார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். அப்புறம்தான் தெரிந்ததாம், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று. மொத்தமும் கற்பனை. இளம் வயதில் இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது தெரியுமா? கற்பனையை அடுத்த டேக்கில் மாற்றிக்கொள்ளலாம். நிஜத்தை மாற்ற முடியாது.

அப்படியானால் அந்தக் காட்சியை எப்படிச் செய்வது? எனக்கு வழி காட்டியது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள். உள்ளே இருப்பது மெய்யில், உடம்பில் தெரிவது. அதில் அழுகைக்கு நாலு பிறப்பிடம் சொல்லியிருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவர் நம்மைத் தாழ்த்தும்போது வருவது இளிவு. பறிகொடுத்ததில் வருவது இழவு. முன்பு இருந்த நல்ல நிலை கெட்டுப்போனதை நினைத்து வருவது அசைவு. இல்லாமையில் வருவது வறுமை. எழுதியவர் மனிதர்கள் அழுவதை எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் காட்சியில் எல்லோரும் இழவைத்தான் யோசித்திருப்பார்கள். மகன் இறந்துவிட்டான், அம்மா அழ வேண்டும். ஆனால் அந்தப் பெண் அங்கே என்ன செய்கிறாள்? பொருட்களை எண்ணுகிறாள். எதிரே இருப்பவர் ரெஜிஸ்டரை நகர்த்துகிறார். அவள் கையெழுத்துப் போட வேண்டும், கையில் ஒரு பேனா இல்லை. அவர் தருகிற பேனா எழுதவில்லை. ஒரு செருப்புதான் இருக்கிறது, இன்னொன்றைக் கேட்கலாமா கூடாதா? கேட்டால் "இதுக்குப் போயா" என்று பார்ப்பாரோ? இப்போது பாருங்கள், இழவுக்குள் இளிவு வந்துவிட்டது. மகன் போனதற்கு அழாமல் தாங்கிக்கொண்டிருக்கிற ஒருத்தி ஒற்றைச் செருப்பைக் கேட்க முடியாமல் உடைந்துபோகலாம். உடையாமலும் போகலாம். இரண்டுமே பார்க்கிறவரைக் கலங்கடிக்கும்.

அவளுக்கு வேலை கொடுங்கள், அழுகையை அவளிடம் விட்டுவிடுங்கள். ஒரு டேக்கில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். அடுத்ததில் எதிராளியின் கையெழுத்தைப் படிக்கப் பாருங்கள். அதற்கடுத்ததில் அவருடைய முகத்தில் கொஞ்சமாவது இரக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். தேடினால் அவர் நிஜமாக ஏதோ ஒன்று தருவார், அது ஒவ்வொரு டேக்கிலும் புதிதாக இருக்கும். கண்டினியூட்டிக்காக, அதாவது ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக, கை அசைவு மாறாமல் இருக்கட்டும். கவனம் மட்டும் மாறட்டும்.

மூச்சையும் மறக்காதீர்கள். அழுகை கண்ணில் தொடங்குவதில்லை. மூச்சு துண்டு துண்டாக உள்ளே போகும், தொண்டை இறுகும், கண் கடைசியில்தான் வரும். நிஜத்தில் பெரியவர்கள் அழுவதைவிட அழாமல் இருக்கத்தான் பாடுபடுகிறார்கள். அந்தப் பாட்டை நடித்தாலே போதும், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

குளோசப்பில் கண்ணீரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நூறு வருடங்களுக்கு முன் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ், ஒரு நடிகரின் அசையாத ஒரே முகத்தை ஒரு தட்டு உணவுக்குப் பக்கத்திலும் ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஓரிடத்தில் பசியையும் மற்றோரிடத்தில் துக்கத்தையும் அந்த முகத்தில் பார்த்தார்கள். கதை உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்கிறது. கிளிசரின் போட்டதற்கு வெட்கப்படவும் வேண்டாம். கண்ணுக்குத் தேவை ஈரம் என்றால் ஈரம் போடுங்கள்.

இனிமேல் ஒரு இயக்குநர் அப்படிக் கேட்டால் சண்டை போட வேண்டியதில்லை. "எனக்கு வேறு வழி இருக்கிறது சார், ஒரு நிமிடம் கொடுங்கள்" என்றால் போதும். பெரும்பாலானவர்களுக்குக் காட்சி வந்தால் சரி, அது எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். கனமான காட்சியாக இருந்தால் குளோசப்பை முதலில் எடுக்க முடியுமா என்று அசோசியேட் டைரக்டரிடம் காலையிலேயே கேட்டு வையுங்கள். லைட்டிங் இடம் கொடுத்தால் செய்துகொடுப்பார்கள்.

உங்கள் கணவர் சொன்னது என்னைத் தைத்தது. என் வீட்டிலும் அதே வாக்கியம் கேட்டிருக்கிறேன். என் அம்மா இறந்த அன்று நான் கதறிக்கொண்டிருக்கும்போதே, என் இடது கை புடவைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி முறுக்குவதை எனக்குள்ளேயே ஒருத்தி கவனித்துக்கொண்டிருந்தாள். "இதை ஞாபகம் வைத்துக்கொள்" என்றாள். அவளைப் பல வருடம் வெறுத்தேன். அம்மா மேல் எனக்கு நிஜமான பாசமே இல்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகு புரிந்தது. தச்சர் துக்க வீட்டுக்குப் போனாலும் கதவின் பொருத்தைப் பார்ப்பார். பழகிய கண் பார்க்கத்தான் செய்யும், அதனால் துக்கம் பொய்யாகிவிடாது. அந்தக் கை முறுக்கலை நான் பதினோரு வருடம் தொடவில்லை. தொட்டபோது அது அம்மாவின் சாவாக இல்லை, வெறும் கையாக இருந்தது. அதனால் எடுத்துக்கொள்ள முடிந்தது.

இதைக் கணவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் கேட்பதைப் பழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை நம்புவது என்று தெரியாமல் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கேரக்டரை செட்டிலேயே விட்டுவர ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மேக்கப்பை நீங்களே கலையுங்கள், அவசரப்படாமல். காஸ்ட்யூமை மடித்துக் கையால் கொடுங்கள். நான் கண்ணாடியைப் பார்த்து என் பெயரை ஒரு முறை சத்தமாகச் சொல்வேன். வீட்டுக்குள் போனதும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருந்தோம். நாலு வயதுக் குழந்தைக்கு அது புரியாது. அதனால் அந்த அரை மணியை வீட்டுக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

இப்போது வேடங்கள். நெடுந்தொடரை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சீரியலா சினிமாவா, பணமா கலையா என்று நீங்கள் தராசு வைத்திருக்கிறீர்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அந்தப் படம் உங்களிடம் கேட்பது மறுபடியும் இழவு. அதே காயம், முக்கிய வேடம் என்பதால் இன்னும் நிறைய நாட்கள். இப்போது உங்களிடம் அது இல்லை, இருக்கவும் கூடாது. அதோடு, அடுத்தடுத்து இரண்டு அழுகை வேடம் செய்தால் மூன்றாவதும் அதுதான் வரும். வில்லி வேடம் உங்கள் அப்பாவிடமிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. திட்டம் போடுகிற, ஆசைப்படுகிற, ஜெயிக்கிற ஒருத்தியாக மாதம் இருபது நாள் இருப்பது உங்களுக்கு நல்லது. கடன் அடையும். கடன் நெருக்குகிற நடிகருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வலு இருக்காது. நல்ல படத்தைத் தேர்ந்தெடுக்கவும் அந்த வலு வேண்டும்.

நான் உங்கள் வயதில் ஒரு தொடரை மறுத்துவிட்டு நல்ல படத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். வந்த படத்தில் முதல் நாள் எனக்கு வசனம் நிற்கவில்லை, உடம்பு இறுகிக் கிடந்தது. வேலை செய்யாத நடிகருக்குத் துரு பிடிக்கும்.

தொடரில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். காலையில்தான் வசனப் பேப்பர் வரும், மதியத்துக்குள் ஐந்து சீன் முடிய வேண்டும். பிராம்ப்ட் கேட்டு, அதாவது பக்கத்திலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்கும் வசனத்தைக் கேட்டு, பேசிப் பழகினால் எதிராளி பேசுவதைக் கேட்கும் பழக்கம் போய்விடும். ஒரே ரியாக்‌ஷனை மூன்று கோணத்தில் கேட்பார்கள், புருவம் தானாகத் தூக்கிக்கொள்ளும். மேடையிலிருந்து வந்த உங்களுக்கு மனப்பாடம் கைவந்தது. முடிந்தவரை பிராம்ப்ட் இல்லாமல் செய்யுங்கள். மாதத்தில் மிஞ்சும் நாட்களில் ஒன்றையாவது பழைய நாடகக் குழுவோடு கழியுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேறு வேலை செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறதா, தொடரை விட்டு விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, பேமென்ட் எத்தனை நாளுக்குள், வருடத்தில் ஒரு படத்துக்குத் தொடர்ச்சியாகக் கால்ஷீட் ஒதுக்கலாமா. வாய்வார்த்தையாக "பாத்துக்கலாம்மா" என்றதை நம்பி ஒரு தொடரில் ஏழு மாதச் சம்பளத்துக்கு நான் அலைந்திருக்கிறேன். எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பட இயக்குநரிடம் கதவைச் சாத்த வேண்டாம். நேரில் போய், "இந்த வேடம் பிடித்திருக்கிறது, ஆனால் இப்போது என்னால் முடியாது, ஒரு வருடம் கழித்து எடுப்பதாக இருந்தால் முதலில் என்னைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். காரணம் முழுதும் சொல்லத் தேவையில்லை. அவர் காத்திருக்க மாட்டார் என்றால் அந்த வேடம் வேறொருவருக்குப் போகும். வருத்தமாகத்தான் இருக்கும்.

கடைசியாகப் பேட்டி. பேசாதீர்கள். "நிஜ அப்பாவை நினைத்து அழுத நடிகை" என்று ஒரு முறை தலைப்பு வந்துவிட்டால் அடுத்த பத்து வருடம் யார் மைக் நீட்டினாலும் அதைத்தான் கேட்பார்கள். முதல் தடவை சொல்லும்போது தொண்டை அடைக்கும். ஐந்தாவது தடவை எங்கே நிறுத்தினால் கேட்பவர் கலங்குவார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது வசனமாகிவிடும். செட்டில் ஆறாவது டேக்கில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும், அங்கே கிளிசரினும் கிடையாது. "அதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். உடனே அந்தக் காட்சியில் எண்ணி வாங்கிய பொருட்களைப் பற்றியோ, எதிரே நடித்தவரைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுங்கள். பேட்டி எடுப்பவருக்கு எழுத ஏதாவது வேண்டும், அதை நாமே கொடுத்துவிட வேண்டும். படக்குழு வற்புறுத்தினால், உங்கள் விளம்பர வேலைக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் வருகிறேன், இது மட்டும் முடியாது என்று சொல்லுங்கள்.

அப்பாவை நினைத்தால் கேமரா வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி நாளைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள், அதைத் திரும்பத் தேடிப் போகாதீர்கள். அவரோடு நீங்கள் இருந்த நாட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எந்தக் காட்சிக்கும் உதவாத ஒரு சாதாரண நாளை எடுங்கள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு காலை, எதற்கோ கோபித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், இப்படி ஏதாவது. அதோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். அது எந்த நாள் என்று இயக்குநரிடம் சொல்ல வேண்டாம், பேட்டியில் சொல்ல வேண்டாம், எனக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா